காற்றே இல்லாத நாளில் கடல்: திருவனந்தபுரத்தில் முதல் கோடை

பங்குனி பிறந்தால் எனக்கு போன் வர ஆரம்பித்துவிடும். நாகர்கோவில், திருநெல்வேலி, மதுரைப் பக்கமிருந்து டெக்னோபார்க்கில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள், சாலை என்கிற பழைய கடைத்தெருவுக்குக் கணக்கெழுத வந்தவர்கள், சொந்தத்தில் யாருக்காவது மருமகன், யாருக்காவது கொழுந்தன். “அண்ணே, சனி ஞாயிறு எங்கே போகலாம்?” என்று கேட்பார்கள். சொன்னால் சரி சரி என்று தலையாட்டிவிட்டு, களியக்காவிளை தாண்டி வந்த நாங்கள் எல்லோரும் முதல் கோடையில் செய்ததையே வரிவிடாமல் செய்வார்கள்.

தண்ணீர் பாட்டில், தொப்பி, பருத்திச் சட்டை பற்றியெல்லாம் எழுதப்போவதில்லை. அதை உங்கள் அம்மா சொல்லி அனுப்பியிருப்பார்.

டிகிரியைப் பார்த்து ஏமாறுவது

“மதுரையில 40 பார்த்தவனுக்கு 34 என்ன பெரிசா?” என்று கேட்காத ஆள் இல்லை. மதுரையில் வியர்வை காயும், உடம்பு ஆறும். இங்கே காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை காய்வதில்லை, வழிந்துகொண்டே இருக்கும். அதனால் 34 என்பது உடம்புக்கு அதைவிடப் பல டிகிரி கூடுதல். போதாததற்கு ஏப்ரல் நடுவில், விஷுவை ஒட்டி, சூரியன் இந்த ஊருக்கு நேர் மேலே வந்துவிடும். நண்பகலில் உங்கள் நிழல் செருப்புக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். அந்த நேரத்தில் கிழக்கேகோட்டையில் நின்று போட்டோ எடுக்கிறவர்களைப் பார்த்தாலே வெளியூர் என்று தெரியும்.

ஊர் சுற்ற வேண்டுமானால் காலை ஒன்பதுக்குள், இல்லையென்றால் மாலை நாலரைக்கு மேல். நடுவில் மாட்டிக்கொண்டால் தம்பானூரில் இந்தியன் காபி ஹவுஸ் இருக்கிறது. லாரி பேக்கர் கட்டிய சுருள் கட்டடம். செங்கல் சுவரில் விட்டிருக்கிற ஓட்டைகள் வழியாகக் காற்று வரும். ஏ.சி. தேடி அலைவதைவிட இது மேல். வெளியே வந்ததும் ஒரு போஞ்சி, அதாவது எலுமிச்சை ஜூஸ், குடிக்கலாம். ஐஸ் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், கோடையில் மஞ்சள் காமாலை சுற்றுகிற ஊர் இது.

திங்கட்கிழமை

மிருகக்காட்சி சாலை, நேப்பியர் மியூசியம், குதிரமாளிகை மூன்றுக்கும் விடுமுறை. போகாதீர்கள்.

தகரக் கூரையைப் பார்த்து முகம் சுளிப்பது

வாடகை வீடு பார்க்கும்போது, மொட்டை மாடிக்கு மேலே இரும்புச் சட்டம் வைத்துத் தகரம் போட்டிருந்தால் “பார்க்கவே நல்லா இல்லை” என்று தள்ளிவிடுகிறார்கள். மழைக்காகப் போட்டதுதான். ஆனால் கோடையில் அந்தத் தகரம் கான்கிரீட்டுக்கு நிழல், நடுவில் காற்றோட்டம். திறந்த மாடிக்குக் கீழே அறை எடுத்தவர்கள் இரவு பன்னிரண்டு மணிக்கும் சுவரைத் தொட்டுப் பார்த்துப் புலம்புகிறார்கள்.

வானத்தைப் பார்த்துக் கடலை எடைபோடுவது

இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

ஏப்ரல், மே மாதங்களில் கடற்கரைக்குப் போனால் வானம் வெளுத்திருக்கும், தென்னை ஓலை அசையாது, கடல் எண்ணெய் ஊற்றியது போலக் கிடக்கும். “அலையே இல்லை, இறங்கலாம்” என்று முடிவுகட்டிவிடுவார்கள். இங்கே காற்று இல்லாததற்கும் கடலுக்கும் சம்பந்தமே இல்லை. தெற்கே, அண்டார்டிக்கா பக்கத்துப் பெருங்கடலில் புயல் அடித்திருக்கும். அங்கே கிளம்பிய அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து மூன்று முதல் ஐந்து நாளில் நம் கரைக்கு வந்து சேரும். இதைத்தான் கள்ளக்கடல் என்கிறார்கள். ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவே பதினைந்து விநாடிக்கு மேல் இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியைத்தான் நம் ஆட்கள் அமைதி என்று நம்பிவிடுகிறார்கள். பள்ளி, கல்லூரி லீவு விடுகிற அதே மாதங்களில்தான் இது அதிகம் வரும்.

போன வருஷம் மே மாதம் கோவளத்தில் பார்த்ததைச் சொல்கிறேன். தெரிந்த பையன் ஒருவனும் அவன் ஆபீஸ் கூட்டாளிகளும். மணலில் சிவப்புக் கொடி நட்டிருக்கிறது. செருப்புகளை ஈரம் படாத இடத்தில் வரிசையாக விட்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் ஒரு அலை வந்தது. பெரிய உயரம்கூட இல்லை. ஆனால் நிற்காமல் ஏறி ஏறி வந்து அத்தனை செருப்பையும் வாரிக்கொண்டு போனது. அதைப் பார்த்துக் கரையேறியிருக்க வேண்டுமா, இல்லையா? சிரித்துக்கொண்டே செருப்பைத் துரத்தி உள்ளே போனார்கள். திரும்புகிற தண்ணீர் குதிகாலுக்கு அடியிலிருந்து மணலை உருவ, ஒருவன் உட்கார்ந்த வாக்கிலேயே சறுக்கிப் போனான். லைஃப்கார்டு விசிலை வாயிலிருந்து எடுக்காமலே ஓடி, சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துப் போட்டார். “கேறி வா, கேறி வா” (மேலே ஏறி வா) என்று அவர் தொண்டை கிழியக் கத்துகிறார். நம் பையன் என்னிடம் வந்து, “அண்ணே, அந்த ஆள் ரொம்ப மரியாதை இல்லாம பேசுறார்” என்கிறான்! எனக்கு அவனை அங்கேயே நாலு சாத்து சாத்தலாம் போலிருந்தது.

இது கேரளத்துக் கடல் விவகாரம் மட்டுமில்லை. 2024 மே 6 அன்று எல்லைக்கு அந்தப் பக்கம், குமரி மாவட்டம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்கள் இதே கள்ளக்கடலில் சிக்கி இறந்துபோனார்கள். எச்சரிக்கை கொடுத்திருந்தார்கள். வானத்தில் ஒரு மேகம் இருந்திருந்தாலாவது பயந்திருப்பார்களோ என்னவோ.

சென்னைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. மெரினாவில் முழங்கால் தண்ணீரில் நின்ற பழக்கத்தை இங்கே கொண்டுவராதீர்கள். இந்தப் பக்கம் பல இடங்களில் கரை சட்டென்று சரியும். நாலு எட்டு வைத்தால் கால் எட்டாது. இன்னொன்று, கடலில் இரண்டு பக்கமும் அலை நுரைத்து உடைய, நடுவில் மட்டும் ஒரு சந்து அலையில்லாமல் சாதுவாகத் தெரியும். குழந்தையோடு வருகிறவர்கள் தேடிப்பிடித்து அங்கேதான் நிற்பார்கள். கரையில் ஏறிய தண்ணீரெல்லாம் கடலுக்குத் திரும்புகிற வழியே அதுதான். அதில் மாட்டினால் கரையைப் பார்த்து நேராக நீந்திப் பிரயோஜனமில்லை, நீச்சல் வீரனும் களைத்துப்போவான். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்தச் சந்தை விட்டு வெளியே வந்து, அப்புறம் கரைக்குத் திரும்ப வேண்டும். நீந்தத் தெரியாதா? மிதந்தபடி கையைத் தூக்கிக் காட்டுங்கள்.

கிளம்புவதற்கு முன்னால் கடல் நிலையைக் கணித்து எச்சரிக்கை விடும், ஹைதராபாத்திலிருக்கும் இன்கோயிஸ் நிறுவனத்தின் அறிவிப்பைப் பாருங்கள். மலையாளச் செய்திச் சானல்களிலும் கீழே ஓடும். அதுவும் வேண்டாம், கரையில் வள்ளங்களை, அதாவது மீனவர்களின் சிறு படகுகளைப் பாருங்கள். வழக்கமான இடத்தைவிட மேலே இழுத்துக் கட்டியிருந்தால், கடலை நம்பிப் பிழைக்கிறவர்களே இறங்கவில்லை என்று அர்த்தம். சுண்டல் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

கடல் வேண்டாம் என்றதும் குளத்தில் குதிப்பது

தேங்கிய தண்ணீரில் தலைகுப்புறக் குதித்தால், அதிலிருக்கிற ஒருவகை அமீபா மூக்கு வழியே மூளைக்குப் போகும். அபூர்வம்தான், ஆனால் வந்தால் பிழைப்பது கஷ்டம். 2024இல் நெய்யாற்றின்கரைப் பக்கம் குளத்தில் குளித்த இளைஞர் ஒருவர் இறந்தார். பொன்முடி மலைக்குப் போகிற வழியிலிருக்கும் கல்லாற்றில் வேறு கதை. பார்வைக்கு முழங்கால் தண்ணீர், பாறைக்கு அடியில் ஆழமான கயம். மலையில் மழை பெய்தால் நீங்கள் நனைவதற்கு முன்னாலேயே வெள்ளம் வந்துவிடும்.

பொன்முடிக்கு ஞாயிறு மதியம் கிளம்புவது

நகரத்திலிருந்து 60 கிலோமீட்டர்தான், ஆனால் 22 கொண்டை ஊசி வளைவுகள். மே மாத ஞாயிற்றுக்கிழமை மதியம் போனால் முன்னால் நிற்கிற காரின் நம்பர் பிளேட்டைத்தான் ரசிக்கலாம். வார நாளில் விடிகாலையில் கிளம்புங்கள். பலத்த மழை என்றால் மேலே விடமாட்டார்கள், அதையும் கேட்டுக்கொண்டு போங்கள்.

மதியத்துக்கு மேல் இடி

வேனல் மழை சொல்லிவிட்டு வராது. மின்னல் ஆபத்து மதியம் இரண்டிலிருந்து இரவு பத்து வரை என்று மாநிலப் பேரிடர் ஆணையமே திரும்பத் திரும்பச் சொல்கிறது. மொட்டை மாடியில் கிரிக்கெட் வேண்டாம்.

ஆராட்டு நாளில் விமானம் பிடிப்பது

பத்மநாபசுவாமி கோயில் பங்குனி ஆராட்டு ஊர்வலம், அதாவது சாமியைக் கடலில் நீராட்டக் கொண்டுபோகிற ஊர்வலம், விமான ஓடுபாதையைக் கடந்துதான் சங்குமுகம் கடலுக்குப் போகும். அதற்காக விமான நிலையத்தையே சில மணி நேரம் மூடிவைப்பார்கள். மார்ச், ஏப்ரலில் டிக்கெட் போடுகிறவர்கள் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்தால் விமானத்தை விட்டுவிட்டு ஊர்வலத்தைப் பாருங்கள்.

மீனைத் தள்ளிப்போடுவது

ஜூன் 9 நள்ளிரவிலிருந்து ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடை. வள்ளங்கள் கொண்டுவருகிற மீன் வரும், விலை ஏறும். ஆசை தீரச் சாப்பிட நினைப்பவர்கள் மே மாதத்திலேயே சாப்பிட்டுவிடுங்கள்.