சபையில் ஒரு புத்தக அலமாரி: பூட்டிய பெட்டியிலிருந்து பிள்ளைகள் கைக்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் சபையின் பின்னறையில் 4 பெட்டிப் புத்தகங்கள் பல வருடமாகப் பூட்டிக் கிடந்தன. தோட்டத்துச் சிற்றாலயத்தை மூடியபோது லாரியில் ஏற்றி வந்தவை. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துச் சனங்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்கு மாறி, புது வாழ்க்கைக்குப் பழகியும் விட்டார்கள். புத்தகங்களை மட்டும் யாரும் வெளியே எடுக்கவில்லை. போன வருடம் போதகர் ஐயாவிடம் சாவி வாங்கித் திறந்தேன். இப்போது ஆராதனை முடிந்ததும் பிள்ளைகள் அலமாரியைச் சுற்றி நிற்கிறார்கள். அதற்கு நடுவில் செய்த வேலையைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் சபையிலும் இப்படி ஒரு பெட்டி இருந்தால் உதவும்.

படி 1: காயவைத்துப் பூச்சி எடுங்கள்

நம் ஊர் ஈரத்தில் பெட்டியைத் திறந்ததும் பூசண வாடை முகத்தில் அடிக்கும். முகக்கவசம் போட்டுக்கொண்டு வெளித் திண்ணையில் வைத்துத் துடையுங்கள். பழைய பெயின்ட் பிரஷ் போதும். ஈரத்துணி வேண்டாம். வெயிலிலும் பரப்பாதீர்கள், தாள் பழுத்து ஓரம் நொறுங்கும். நிழலில் விசிறியைப் போட்டு, புத்தகத்தை லேசாக விரித்து நிற்கவைத்தால் இரண்டு மூன்று நாளில் காய்ந்துவிடும்.

இராமபாணப் பூச்சி இருந்தால், புத்தகத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்றை அழுத்தி வெளியேற்றி, இறுகக் கட்டி, வீட்டு ஃப்ரீசரில் 2 வாரம் வையுங்கள். மைனஸ் 18 டிகிரியில் பூச்சியும் முட்டையும் செத்துவிடும். வெளியே எடுத்த உடனே பையைத் திறக்காதீர்கள். ஒரு நாள் அப்படியே இருக்கட்டும். நான் அவசரப்பட்டுத் திறந்த ஒரு பாட்டுப் புத்தகத்தின் மேல் நீர் முத்து முத்தாகக் கோத்துக்கொண்டு, அட்டையே உப்பிவிட்டது. பூசணம் குளிரில் சாகாது, அடங்கித்தான் இருக்கும். அதனால் முதலில் காயவைப்பது, பிறகுதான் ஃப்ரீசர்.

படி 2: திருப்பிக் கொடுக்க வேண்டியதை எடுத்து வையுங்கள்

பெட்டியில் கிடைப்பது எல்லாமே அலமாரிக்கு உரியது என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு வேதாகமத்தின் முதல் பக்கத்தையும் பாருங்கள். எங்களுக்குக் கிடைத்த ஒன்றில் 7 பிள்ளைகளின் பிறந்த தேதி எழுதியிருந்தது, ஒவ்வொன்றும் வெவ்வேறு மையில். ஐந்தாவது பெயருக்கு எதிரே சின்னதாக ஒரு சிலுவைக் குறி. பக்க ஓரத்தில் ரப்பர் பால் கறை கறுத்துப் போயிருந்தது. பால்மரம் சீவிவிட்டு வந்த கையோடு புரட்டிய பக்கம் அது. விசாரித்ததில் ஆறாவது பிள்ளை இங்கேயே தாமானில் இருப்பது தெரிந்தது, இப்போது அவர் பாட்டி. கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் வெகுநேரம் வேறு பக்கம் புரட்டவே இல்லை.

மிச்சமுள்ள வேதாகமங்களை இரண்டாகப் பிரியுங்கள். 1871-இல் வெளிவந்த பழைய மொழிபெயர்ப்பு ஒரு பக்கம், 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் ஒரு பக்கம். பழைய நடையில் மனப்பாடம் செய்தவர்களுக்குப் புதியதில் வசனம் பிடிபடாது. கத்தோலிக்கக் குடும்பத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த மருமகள்கள் திருவிவிலியத்தைத்தான் தேடுவார்கள். இரண்டும் கலந்து நின்றால் இருவருக்குமே சிரமம்.

படி 3: பெரியவர்கள் வரிசை

இது சுலபம். கண்ணுக்கு நேரான தட்டில் வாழ்க்கை வரலாறுகளை வையுங்கள். பிரசங்கத் தொகுப்புகளைவிட எங்கள் சனங்கள் வாழ்க்கைக் கதைகளைத்தான் விரும்பி எடுக்கிறார்கள். ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் செத்ததைக் கண்டு மருத்துவம் படிக்கப் போய், 1900-இல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு மருத்துவம் தொடங்கிய ஐடா ஸ்கடர் கதையைப் படித்துவிட்டு, ஒரு அம்மா அதைத் தன் மகளிடம் கொடுத்தார். அந்தப் பெண் ஐந்தாம் படிவ மாணவி. டோனாவூரில் பிள்ளைகளைக் காத்து வளர்த்து 1951-இல் அங்கேயே இறந்த ஏமி கார்மைக்கேலின் வரலாற்றுக்கும் நல்ல வரவேற்பு.

பெரிய எழுத்துப் புத்தகங்களையும், தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் பாட்டு உள்ள கீர்த்தனைப் புத்தகங்களையும் கீழ்த்தட்டில் வையுங்கள். நாற்காலியில் உட்கார்ந்தபடியே பெரியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

படி 4: பிள்ளைகள் வரிசை. இங்கேதான் நான் தவறினேன்

முதலில் பின்னட்டையில் போட்டிருந்த வயதைப் பார்த்து அடுக்கினேன். 5 முதல் 7, 8 முதல் 10 என்று அட்டைகூட எழுதி ஒட்டினேன். மூன்றாவது வாரம் 10 வயதுப் பையன் ஒருவன் யோசேப்பின் கதையை எடுத்துப் போனான். மலாய்வழித் தேசியப் பள்ளியில் படிக்கிறவன், வீட்டில் தமிழ்தான் பேசுவான். அடுத்த ஞாயிறு திருப்பிக் கொடுத்தான். "அக்கா, இதுல எழுத்து எல்லாம் ஒட்டிக்கிட்டு இருக்கு" என்றான். அதற்குப் பிறகு அலமாரிப் பக்கமே வரவில்லை.

வீட்டுக்கு வந்து அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். "அழைத்துக்கொண்டுபோனார்கள்" என்று ஒரு சொல். எண்ணினால் 13 எழுத்து. அவன் சொன்னது அப்படியே உண்மை. அந்தப் புத்தகம், பள்ளியில் தினமும் தமிழ் படிக்கிற 10 வயதுப் பிள்ளைக்காகத் தமிழ்நாட்டில் அச்சானது. இங்கே தமிழ்ப்பள்ளிப் பிள்ளை இதைக் கடகடவென்று படித்துவிடும். தேசியப் பள்ளிப் பிள்ளைக்குக் கதை புரியும், எழுத்துதான் தடுக்கும். வயது இரண்டு பேருக்கும் ஒன்றே.

சரி என்று வயதுச் சீட்டுகளை எல்லாம் பிய்த்துவிட்டு இப்படி மாற்றினேன். புத்தகத்தின் நடுப்பக்கத்தைத் திறந்து மிக நீளமான சொல்லைத் தேடுங்கள். எழுத்தை எண்ணுங்கள், புள்ளி எழுத்தும் கணக்கில் சேரும். "சொன்னார்கள்" மாதிரி 6 எழுத்துக்குள் அடங்கினால் பச்சைப் பொட்டு. "கூப்பிட்டார்கள்" மாதிரி 9 வரை போனால் மஞ்சள். அதற்கு மேல் நீலம். இரண்டு மூன்று பக்கம் பார்த்து உறுதி செய்யுங்கள். ஒரே ஒரு நீளச் சொல்லுக்காக நல்ல புத்தகத்தை நீலத்துக்குத் தள்ள வேண்டாம்.

அப்புறம் பிள்ளையிடம் ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லுங்கள். தடுக்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விரலை அவர்களே மடக்கட்டும். பக்கம் முடிவதற்குள் ஐந்து விரலும் மடங்கினால் அதற்கு முந்தைய நிறம். இதை மற்றப் பிள்ளைகள் முன்னால் செய்யவே கூடாது. அலமாரிக்குப் பக்கத்தில் தனியாக ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன்.

பச்சைப் பொட்டு என்றால் குழந்தைப் புத்தகம் என்று பெரிய பிள்ளைகள் ஒதுங்கக்கூடும். அதனால் பச்சையில் நோவா பேழைப் படப் புத்தகங்களை மட்டும் நிரப்பாதீர்கள். தாவீதும் கோலியாத்தும், 1929-இல் திபெத் நோக்கிப் புறப்பட்டுத் திரும்பாமலே போன சாது சுந்தர் சிங் போன்ற கதைகள் சித்திரக் கதையாகக் கிடைத்தால் விடாமல் வாங்குங்கள். அந்தப் பையன் திரும்பி வந்ததே ஒரு சித்திரக் கதைக்காகத்தான். இப்போது மஞ்சளில் இருக்கிறான்.

நீலத்தில் சிலவற்றுக்குச் சிவப்பு நட்சத்திரமும் ஒட்டியிருக்கிறேன். பாட்டியோடு சேர்ந்து வாசிக்க வேண்டியவை அவை. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்று வருடமே படித்த பாட்டிகள்கூடக் கீர்த்தனைப் புத்தகத்தைத் தடையில்லாமல் வாசிக்கிறார்கள். "கிருபை", "இரட்சிப்பு" மாதிரிச் சொற்களுக்குப் பொருளும் சொல்லிக்கொடுப்பார்கள்.

தமிழும் ஆங்கிலமும் எதிரெதிர்ப் பக்கத்தில் உள்ள புத்தகங்களை நான் தனியாக வைத்துவிட்டேன். பிள்ளைகள் ஆங்கிலப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு மூடிவிடுகிறார்கள்.

படி 5: ஒட்டுவது

செலோடேப்பைத் தொடவே தொடாதீர்கள். சில வருடத்தில் மஞ்சளாகிப் பிசுபிசுக்கும், உரித்தால் தாளும் கூடவே வரும். கிழிந்த இடத்துக்கு மெல்லிய வெள்ளைத் தாளும் வெள்ளைப் பசையும் போதும். பசையைக் கொஞ்சம் தண்ணீர் விட்டு இளக்கி, மெல்லிசாகத் தடவி, மேலே ஒரு கனமான புத்தகத்தை வைத்து இரவு முழுக்க விடுங்கள்.

படி 6: இரவல் கணக்கு

முதலில் கைப்பேசியில் அட்டவணை போட்டேன். ஒரு ஞாயிறு நான் ஈப்போ போயிருந்தேன், அன்று யாருக்கும் புத்தகம் கிடைக்கவில்லை. இப்போது 555 என்ற சின்னக் கணக்கு நோட்டு. மளிகைக் கடையில் கடன் எழுதிப் பழகிய நம் சனங்களுக்கு அதைச் சொல்லித்தரவே வேண்டாம். குடும்பத்துக்கு ஒரு பக்கம், புத்தகத்தின் பெயர், தேதி, அவ்வளவுதான். தவணை 2 வாரம். அபராதம் வைக்காதீர்கள். 50 காசுக்குக் கூச்சப்பட்டு ஒரு குடும்பமே புத்தகம் எடுப்பதை நிறுத்திவிடும். நோட்டை நூலில் கட்டி அலமாரியிலேயே தொங்கவிடுங்கள், பேனாவையும் சேர்த்து.

பிற்சேர்க்கை 1: கருத்துப் பகுதியில் ஒரு சகோதரி, அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைத்ததால் பின்வரிசை முழுக்க மறுபடி பூசணம் பிடித்துவிட்டது என்று எழுதியிருந்தார். இதைச் சொல்ல விட்டுவிட்டேன். சுவருக்கும் அலமாரிக்கும் 2 அங்குல இடைவெளி விடுங்கள். புத்தகங்களைத் தட்டின் பின்பலகை வரை தள்ளாதீர்கள். கண்ணாடிக் கதவு இருந்தால் வாரத்துக்கு ஒரு நாளாவது திறந்து வையுங்கள்.

பிற்சேர்க்கை 2: புத்தகத்தில் மீன் வாடை வந்துவிட்டதாக இரண்டு பேர் சொன்னார்கள். ஃப்ரீசரில் வைக்கும்போது இரண்டு பை போடுங்கள்.

பிற்சேர்க்கை 3: புதிய புத்தகம் எங்கே வாங்குவது என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். தமிழ் வேதாகமம் மலேசிய வேதாகமச் சங்கத்தில் கிடைக்கும். பிள்ளைகள் புத்தகத்துக்கு, இந்தியா போகிறவர்களிடம் ஆளுக்கு ஐந்து சொல்லி அனுப்புகிறேன். வாங்குவதற்கு முன் நடுப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எழுத்தை எண்ணிப் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்லலாம்.