வௌவால் மரம் பக்கத்தில் இருந்தால்: எண்ணிப் பார்ப்பது எப்படி?

பழந்தின்னி வௌவால்கள் கூட்டமாகத் தொங்கும் மரத்தைப் பார்த்ததுமே வெடி போட்டு விரட்டக் கிளம்பாதீர்கள். விரட்டினால் கலைந்து பத்து மரங்களுக்குப் போகும், அவ்வளவுதான். சாயங்காலம் ஒரு நோட்டோடு போய் எண்ணுங்கள்.

சூரியன் மறையும் முன்பே போய்விட வேண்டும். மரத்தடியிலும் அவை பறக்கும் பாதையிலும் நிற்காதீர்கள். கிளம்பும்போது சிறுநீர் கழிக்கும். மனிதருக்கு மூளைக் காய்ச்சல் தரும் நிபா வைரஸ் அதிலும் எச்சிலிலும் இருக்கக்கூடும். வௌவாலைப் பார்த்தால் நோய் இருப்பதே தெரியாது. நம் ஆட்களோ வாயைப் பிளந்துகொண்டு அண்ணாந்து நிற்பார்கள், சொன்னாலும் கேட்க மாட்டார்கள்.

ஒதுங்கி நின்று, இரண்டு மர உச்சிகளுக்கு நடுவே மனதில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அதைத் தாண்டுபவற்றை மட்டும் எண்ணுங்கள். முதலில் ஒன்றிரண்டாக வரும், அப்புறம் திபுதிபுவென்று கிளம்பும்; அப்போது பத்துப் பத்தாகக் கோடு கிழியுங்கள். திரும்பி வருபவற்றைக் கழித்துவிடுங்கள். திசைக்கு ஒருவர் நின்றால் நல்லது. தேதி, போகும் திசை, சுற்றுவட்டாரத்தில் எந்த மரம் பூத்திருக்கிறது, எது பழுத்திருக்கிறது என்பதையும் எழுதுங்கள். எனக்கு எண்ணிக்கையைவிட இந்தக் கடைசி வரிதான் முக்கியம்.

காரணம், இவை இரைக்காக ஒரே இரவில் பல கிலோமீட்டர் போகும். ஆஸ்திரேலியாவில் 1994-ல், வௌவாலிடமிருந்து குதிரைக்குப் பரவும் ஹெண்ட்ரா வைரஸ் தெரியவந்தது. காட்டில் தேன் கிடைக்காத காலங்களில் வௌவால்கள் சிறு கூட்டங்களாகப் பிரிந்து பண்ணைகளை ஒட்டித் தங்கின, குதிரைகளுக்கு நோய் தொற்றியது. குளிர்காலத்தில் காடு நன்றாகப் பூத்தபோது அவை அங்கே போய்விட்டன, தொற்றும் நின்றது. 2022-ல் வெளியான ஆய்வு இதைக் காட்டியது.

ஆக, புதுக் கூட்டம் வந்திருப்பது தெரிந்தால் மரங்களுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று கவனியுங்கள். மலேசியாவில் 1998-ல் பரவிய நிபா முதலில் பன்றிகளுக்குப் போனது, கொட்டிலை ஒட்டிப் பழமரங்கள் நின்ற பண்ணையில். அதனால் கொட்டிலையும் தண்ணீர்த் தொட்டியையும் பழமரத்துக்கு அடியில் வைக்காதீர்கள். கடிபட்ட பழத்தை அந்த இடத்தை மட்டும் வெட்டிவிட்டுச் சாப்பிடும் பழக்கம் வேண்டாம், முழுசாகத் தூக்கிப் போடுங்கள். கடிபடாத பழங்களைக் கழுவித் தோல் சீவிச் சாப்பிடலாம். வங்கதேசத்தில் ஈச்சமரச் சாற்றைப் பச்சையாகக் குடித்தவர்களுக்கு நிபா வந்தது. சாறு வடியும் இடத்தையும் பானையையும் மூங்கில் தட்டியால் மூடினால் வௌவால் நக்க முடியாது.

கீழே விழுந்து கிடக்கும் வௌவாலை, குட்டியாக இருந்தாலும், வெறுங்கையால் தொடாதீர்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள். கடித்தாலோ கீறினாலோ சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள்.