கவனக்குறைவு வழக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மஞ்சப்பையிலிருந்து ஒவ்வொரு காகிதமாக எடுத்து என் மேஜையில் அடுக்கினார் அந்தப் பெண். டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்து பில், ஸ்கேன் ரிப்போர்ட். ஸ்கேன் தேதிக்குக் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு.

"ஒரு நாள் தாமதமா எடுத்திருக்காங்க சார். இது போதாதா?"

"ஒரு நாள் முன்னாடி எடுத்திருந்தா அப்பா பிழைச்சிருப்பார்னு வேற டாக்டர் யாராவது எழுதிக் கொடுப்பாங்களாம்மா?" என்று கேட்டேன். அவரிடம் பதில் இல்லை.

வழக்கு போட வருகிற கட்சிக்காரர்கள் மட்டுமல்ல, சட்ட மாணவர்களும் அதிகம் இடறும் இடம் இதுதான். எதிராளி தப்பு செய்தார் என்று காட்டிவிட்டால் நஷ்ட ஈடு கிடைத்துவிடும் என்று நம்பிவிடுகிறார்கள். ஒருவர் செய்த தவறால் வந்த இழப்புக்கு ஈடு பெற வழி சொல்லும் தீங்கியல் சட்டம் கேட்பது அதற்கும் மேலே. நம் விஷயத்தில் கவனமாக இருக்கும் கடமை அவருக்கு இருந்ததா, அதில் தவறினாரா, அப்படித் தவறியதால்தான் நமக்கு இழப்பு வந்ததா? கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லையென்றால் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகிவிடும்.

1966 புத்தாண்டு காலை, லண்டன். தேநீர் குடித்தபின் வாந்தி நிற்காமல் இரவுக் காவலர்கள் மூவர் மருத்துவமனைக்கு வந்தார்கள். பணியிலிருந்த டாக்டர் வந்து பார்க்கவே இல்லை. வீட்டுக்குப் போய் அவரவர் டாக்டரைப் பார்க்கட்டும் என்று நர்ஸிடம் போனில் சொல்லிவிட்டார். அன்று மதியமே ஒருவர் இறந்தார். தேநீரில் ஆர்சனிக் கலந்திருந்தது. பார்க்காமல் அனுப்பியது கடமை தவறியதுதான் என்றது நீதிமன்றம். ஆனால் உடனே சேர்த்திருந்தாலும் மாற்று மருந்து உரிய நேரத்தில் கிடைத்திருக்காது என்று சாட்சியத்தில் தெரியவந்தது. இறந்தவரின் மனைவி தோற்றார். பார்னெட் வழக்கு என்று இன்றும் பாடமாக இருக்கும் இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும். ஆனாலும் விதி சரியானது என்றே நினைக்கிறேன்.

விபத்து நடந்ததே கவனக்குறைவுக்குச் சாட்சி என்று எல்லா வழக்கிலும் வாதாடுவதும் தவறு. சில இடத்தில் அது எடுபடும். 1951-இல் டெல்லி சாந்தினி சௌக் மணிக்கூண்டு இடிந்து விழுந்து மூவர் இறந்தனர். கட்டி 80 ஆண்டுகள் ஆகியிருந்தது. அதன் காரைக்கு ஆயுள் 40, 45 ஆண்டுதான். பராமரிக்க வேண்டிய கட்டடம் தானாக விழுந்தால் நிகழ்வே பேசும் என்று 1966-இல் உச்ச நீதிமன்றம் மாநகராட்சியைப் பொறுப்பாக்கியது. அதே நீதிமன்றம் 1997-இல், ராஜ்கோட்டில் சாலையோர மரம் விழுந்து ஒருவர் இறந்த வழக்கில் வேறு மாதிரி சொன்னது. மரங்களைப் பேணும் வேலை சட்டத்தில் எழுதியிருந்தாலும், அதற்காக மட்டுமே திடீரென விழுந்த மரத்துக்கு மாநகராட்சி ஈடு தர வேண்டும் என்றாகிவிடாது என்றது. இரண்டு தீர்ப்பையும் அடுத்தடுத்துப் படிக்காமல் வழக்கு போடாதீர்கள்.

இதற்கு நேர்மாறான தவறு மின்சார வழக்குகளில் நடக்கிறது. அறுந்து கிடந்த கம்பியில் ஷாக் அடித்து இறந்தவரின் குடும்பம், யாருடைய கவனக்குறைவு என்று நிரூபிக்கப் போராட வேண்டியதே இல்லை. திருட்டு இணைப்பு எடுத்த யாரோதான் காரணம் என்று மின்வாரியம் சொன்னாலும் அதன் பொறுப்பு போகாது என்று உச்ச நீதிமன்றம் 2002-இல் சொல்லிவிட்டது. மனுவில், கவனக்குறைவை நிரூபிக்காமலே மின்வாரியத்துக்கு வரும் அந்தப் பொறுப்பை எழுதாமல் விட்டுவிடுகிறார்கள்.

போலீஸில் புகார் கொடுப்பதையும் நஷ்ட ஈடு கேட்பதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். டாக்டரைக் குற்ற வழக்கில் தண்டிக்க அலட்சியம் மிகக் கடுமையானதாக இருக்க வேண்டும் என்பது ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005-இல் வந்த தீர்ப்பு. ஈடு கேட்க அந்த அளவு தேவையில்லை. "என் மேலயும் தப்பு இருக்கு" என்று விட்டுவிடுகிறவர்களும் உண்டு. அந்தத் தப்பின் அளவுக்கு ஈடு குறையும், அவ்வளவுதான்.

அந்தப் பெண்ணிடம் அன்று சொன்னது ஒன்றுதான். டிஸ்சார்ஜ் சம்மரி போதாது, முழு கேஸ் ஷீட்டையும் எழுத்து மூலம் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான விதி. நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்றால் இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். தேதியை நாட்காட்டித் தாளின் பின்பக்கம் குறித்துக்கொண்டு, காகிதங்களை மறுபடி பைக்குள் அடுக்கினார்.