செம்மறி ஆட்டின் மடிநோய்: ஆன்டிபயாடிக் இல்லாமல் எதுவரை போகலாம்?

குட்டி கத்திக்கொண்டே பின்னால் ஓடுகிறது, தாயாடு காலை உதறி விலகுகிறது. அல்லது தாயாடு பின்னங்காலை அகட்டி வைத்து நொண்டுகிறது. புதிதாக ஆடு வளர்ப்பவர்கள் குளம்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று விட்டுவிடுவார்கள். மடியைத் தொட்டுப் பார்த்தால் ஒரு பக்கம் கொதிக்கும்.

முதலில் தெர்மாமீட்டர்

ஆசனவாயில் வைத்துப் பாருங்கள். 102–103 டிகிரி ஃபாரன்ஹீட் இயல்பு. 105-ஐத் தாண்டினாலோ, ஆடு தீனி எடுக்காமல் அசைபோடாமல் தலையைத் தொங்கப்போட்டு நின்றாலோ, வீட்டு வைத்தியத்தில் நேரத்தைக் கடத்தாமல் கால்நடை மருத்துவரை அழையுங்கள். மடி நீலமோ கருப்போ ஆகித் தொட்டால் ஜில்லென்று இருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. அது பெரும்பாலும் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் கிருமியின் வேலை. அதன் நச்சு ரத்த ஓட்டத்தை நிறுத்தி மடியை அழுகச் செய்கிறது. அந்த மடி திரும்பாது. ஆன்டிபயாடிக் போடுவது ஆட்டின் உயிரைக் காப்பாற்றத்தான்.

இனி வருவதெல்லாம் காய்ச்சல் இல்லாத, தீனி எடுக்கிற, மடி லேசாக வீங்கிய ஆட்டுக்கு.

பாலைப் பாருங்கள்

செம்மறிக்கு மடி இரண்டு பாகம், பாகத்துக்கு ஒரு காம்பு. ஒன்றின் பால் மற்றொன்றில் கலக்காது. அதனால் நல்ல பக்கமே உங்களுக்கு அளவுகோல். கருப்பு நிறக் கிண்ணத்தில் ஒவ்வொரு பக்கமும் இரண்டு பீய்ச்சு விடுங்கள். கருப்பில் திரி, கட்டி, நீர்த்த பால் எல்லாம் பளிச்சென்று தெரியும்.

கண்ணுக்குத் தெரியாத நோய்க்கு, 500 மில்லி தண்ணீரில் 15 கிராம் சலவைத்தூள் கரைத்து, அதில் 3 மில்லி எடுத்து 3 மில்லி பாலுடன் கலந்து வட்டமாகச் சுழற்றுங்கள். கூழாகத் திரண்டால் அந்தப் பக்கத்தில் நோய் இருக்கிறது. குட்டி போட்ட முதல் சில நாட்களில் இதைச் செய்யாதீர்கள், சீம்பாலே கூழாகும்.

பீய்ச்சி எடுங்கள், மீண்டும் மீண்டும்

ஆன்டிபயாடிக்குக்கு மாற்று என்று உருப்படியாக ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வோம். தேங்கிய பால் கிருமிக்குத் தீனி. பீய்ச்சும்போது கிருமியும் நச்சும் சேர்ந்தே வெளியேறுகின்றன. பகலில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, இரவு படுக்கும் முன் ஒரு முறை.

கைகளைச் சோப்பால் கழுவி, வெதுவெதுப்பான ஈரத்துணியை மடியில் பத்து நிமிடம் வைத்து இளக்குங்கள். மடி நெருப்பாகச் சுட்டால் அன்றைக்குக் குளிர்ந்த துணி. கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் காம்பின் அடியை மூடி, மற்ற விரல்களை ஒவ்வொன்றாக அழுத்துங்கள். கீழே இழுக்காதீர்கள், காம்பின் உட்சவ்வு கிழியும். நல்ல பக்கத்தை முதலில், நோய்ப் பக்கத்தைக் கடைசியில். எடுத்த பாலைக் கொட்டகைத் தரையில் பீய்ச்சக் கூடாது. பாத்திரத்தில் பிடித்துத் தள்ளிக் குழியில் ஊற்றுங்கள். முடிந்ததும் காம்பை 0.5% அயோடின் கரைசலில் முக்குங்கள். காம்புத் துளை மூட அரை மணி நேரம் ஆகும், அதுவரை ஆட்டைப் படுக்க விடாமல் தீனி போட்டு நிற்க வையுங்கள்.

வலி இருந்தால் ஆடு பாலை விடாது. மெலாக்சிகாம் போன்ற வலிநிவாரணி ஆன்டிபயாடிக் அல்ல. எடைக்கேற்ற அளவை மருத்துவரிடம் கேட்டுப் போடுங்கள்.

மேற்பூச்சு

மாட்டுக்குப் பரவலாகச் சொல்லப்படும் அளவு: கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50, நீற்றிய சுண்ணாம்பு 15. செம்மறிக்கு அதில் கால்பங்கு போதும்: 60, 12, 4. முள்ளை நீக்கி அரைத்து, தண்ணீர் விட்டுத் தளர்த்தி, பீய்ச்சிய பிறகு பூசுங்கள். அடுத்த முறை பீய்ச்சும் முன் கழுவிவிடுங்கள். வீக்கத்தைத் தணிக்கத்தான் இது. பூசிவிட்டுப் பீய்ச்சாமல் விட்டால் பயனில்லை. நீற்றாத சுண்ணாம்பு போட்டால் தோல் வெந்துவிடும். குட்டி வாய் வைக்கும் முன்னும் கழுவ வேண்டும்.

காம்புக்குள் எதையும் செலுத்தாதீர்கள். எண்ணெய், மூலிகைச் சாறு, பெராக்சைடு எதுவானாலும் சரி. வெளியிலிருக்கும் பூஞ்சையை நீங்களே உள்ளே கொண்டுபோய் விடுவதாகும்.

24 மணி நேரத்தில் வீக்கம் குறைய வேண்டும். அப்படியே இருந்தாலோ காய்ச்சல் ஏறினாலோ இதோடு நிறுத்தி மருத்துவரைக் கூப்பிடுங்கள். அவர் மருந்து போடும் முன் பால் மாதிரி எடுத்து எந்தக் கிருமி என்று பார்க்கச் சொல்லுங்கள்.

குட்டி

குட்டியின் தொண்டையில் மான்ஹைமியா கிருமி சாதாரணமாகவே குடியிருக்கும். ஊட்டும்போது மடிக்குள் போகிறது. அதே குட்டி பசியில் வேறொரு தாயிடம் திருட்டுப்பால் குடித்தால் நோயும் கூடவே போகிறது. எனவே தாயையும் குட்டிகளையும் தனியாக அடைத்து, குறையும் பாலைப் புட்டியில் கொடுங்கள்.

ஏன் வந்தது என்று தேடினால் பெரும்பாலும் தீவனத் தொட்டியில் போய் நிற்கும். புரதம் குறைந்தால் பால் குறையும், பசித்த குட்டி முட்டி முட்டிக் காம்பைக் கடிக்கும், அந்தக் காயத்தில் கிருமி ஏறும். இரட்டைக் குட்டி சுமக்கும் தாய்க்குக் கடைசி மாதச் சினையிலிருந்தே அடர்தீவனத்தைக் கூட்டுங்கள். குட்டியின் உதட்டில் வாய்ப்புண் அம்மை இருந்தால் தாயின் காம்பைத் தினமும் பாருங்கள். படுக்கை ஈரமாக இருந்தால் மற்றதெல்லாம் வீண்.

குட்டி பிரிக்கும் ஒரு வாரம் முன்பே அடர்தீவனத்தை நிறுத்தி, ஒரே நாளில் பிரித்துவிடுங்கள். மடி இறுகும், பயப்பட வேண்டாம். அந்த அழுத்தமே பாலை வற்றவைக்கிறது. பாவம் என்று பீய்ச்சினால் பால் மீண்டும் ஊறும், காம்புத் துளையை அடைக்கத் தொடங்கிய மெழுகும் பெயர்ந்துவிடும். கிடாவுடன் சேர்க்கும் முன் மடியைப் பிசைந்து பாருங்கள். உள்ளே கல்போல் கட்டி தட்டுப்பட்டால் அந்த ஆட்டைச் சேர்க்காமல் கழித்துவிடுங்கள்.