மலை இறங்கி வந்த காரைக் கழுவுவது எப்படி? முன்வீலில் ஆரம்பியுங்கள்

கேரளத்துப் புனலூரில் ஒரு வேலையை முடித்துவிட்டு ஆரியங்காவு வழியாக வந்து, புளியரை எஸ் வளைவில் இறங்கி, செங்கோட்டையில் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்துகிறீர்கள். கொஞ்ச நேரம் ஆறவிட்டு, முன்வீலை ஒரு விரலால் தடவிப் பாருங்கள். கண்மை மாதிரி கறுப்பாக அப்பிக்கொள்ளும். பின்வீலில் அந்த அளவுக்கு இருக்காது. நம் பக்கத்து ஆட்கள் பலரும் அதை ரோட்டுத் தூசி என்றே நினைக்கிறார்கள். ரோட்டுத் தூசி என்றால் நாலு வீலிலும் ஒரே மாதிரி அல்லவா இருக்க வேண்டும்?

அது பிரேக் தூள். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னால் சாய்வதால் முன் பிரேக்குக்குத்தான் வேலை அதிகம். மலை இறக்கத்தில் கேட்கவே வேண்டாம். பிரேக் பேடும், வீலோடு சுழலும் டிஸ்கும் உரசித் தேய்ந்து, சூடான இரும்புத் துகளாகத் தெறித்து வீலில் ஒட்டுகிறது. வெறும் தூசியாக இருந்தால் தண்ணீர் அடித்ததும் போய்விடும். இது சூட்டோடு ஒட்டுவதால் பூச்சைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். அதன்மேல் சாரல் பட்டால் துரு ஏறி, அலாய் வீலில் செம்புள்ளி விழும்.

முதல் கார் வாங்கிய புதிதில் இந்தக் கறுப்பை எடுக்க நான் எடுத்தது கக்கூஸ் கழுவுகிற ஆசிட். ஊற்றித் தேய்த்தேன், பளிச்சென்று ஆனது. எனக்கு ஒரே பெருமை. மறுநாள் காய்ந்து பார்த்தால் வீல் முழுக்க வெள்ளைத் தேமல். மச்சான் வந்து பார்த்துவிட்டு, "என்ன மாப்ளே, வீலுக்குத் திருநீறு பூசி விட்டிருக்க?" என்றார். அந்தத் தேமல் கடைசி வரைக்கும் போகவில்லை. எலுமிச்சம்பழம், புளி எல்லாம்கூட அமிலம்தான். பித்தளைக் குத்துவிளக்குக்குச் சரி, அலாய்க்கு வேண்டாம்.

என்னென்ன வேண்டும்

மூன்று வாளி. ஒன்று பழசாக இருக்கட்டும், அது வீலுக்கு மட்டும். கார் ஷாம்பு, மைக்ரோஃபைபர் துணி நாலைந்து, பெயிண்டுக்கு ஒரு மைக்ரோஃபைபர் கையுறை, வீலுக்கு மெத்தென்ற பிரஷ், நட்டு இடுக்குக்குப் பெயிண்ட் அடிக்கிற பழைய பிரஷ் ஒன்று. அப்புறம் இரும்புத் தூளைக் கரைக்கிற அயர்ன் ரிமூவர் ஒரு பாட்டில், வாக்ஸ் ஒரு டப்பா. பிரஷர் பம்பு இருந்தால் வசதி. இல்லையென்றால் டியூபில் வருகிற தண்ணீரே போதும்.

முதல் வேலை: வீல்

பெயிண்டைக் கழுவிவிட்டு வீலுக்கு வந்தால் கறுப்புத் தண்ணீர் தெறித்துக் கழுவிய கதவெல்லாம் மறுபடி அழுக்காகும். அதனால் வீல்தான் முதலில்.

வண்டி வந்து நின்றதும் தண்ணீர் அடிக்காதீர்கள். மலை இறங்கிய டிஸ்க் தோசைக்கல் மாதிரி கொதித்துக்கொண்டிருக்கும். சட்டென்று குளிர்ந்தால் கோணிக்கொள்ள வாய்ப்புண்டு. அப்புறம் பிரேக் மிதிக்கும்போதெல்லாம் ஸ்டியரிங் நடுங்கும். குளித்து, சாப்பிட்டுவிட்டு வாருங்கள். வீலில் கை வைத்தால் சூடே தெரியக்கூடாது. வண்டியை நிழலில் நிறுத்துங்கள்.

நாலு வீலையும் ஒன்றாக நனைக்க வேண்டாம். ஒவ்வொன்றாகப் போங்கள். முதலில் தண்ணீர் அடித்து மேலாக இருக்கும் சேற்றைத் தள்ளுங்கள். கையில் ரப்பர் உறை போட்டுக்கொண்டு அயர்ன் ரிமூவரைப் பரவலாக அடியுங்கள். முகர்ந்துவிடாதீர்கள், அழுகிய முட்டை வாடை. பியூட்டி பார்லரில் முடி சுருட்டுவதற்குப் போடும் மருந்தில் உள்ள தயோகிளைகோலேட் வகைதான் இதிலும் இருக்கிறது. அந்த மருந்து இரும்போடு சேர்ந்ததும் நிறம் மாறும். இரண்டு மூன்று நிமிடத்தில் நாவல்பழம் தின்ற நாக்கு மாதிரி வீல் ஊதாவாகி, அந்த ஊதா கோடு கோடாக வழிந்து இறங்கும். முதல்முறை பார்ப்பவர்களுக்கு வண்டிக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பதறும். பதற வேண்டாம், மருந்து இரும்பைப் பிடித்துவிட்டது என்று அர்த்தம். எங்கே ஊதா அதிகமோ அங்கே தூள் அதிகம்.

காயவிடாமல் கழுவிவிடுங்கள், முக்கியமான விஷயம் அதுதான். பாட்டிலில் ஐந்து நிமிடம் என்று போட்டிருந்தால் ஐந்து நிமிடம், அவ்வளவுதான். பிறகு ஷாம்பு தண்ணீரில் பிரஷை முக்கி முகப்பு, கம்பிகளின் பின்பக்கம், நட்டுக் குழி என்று போங்கள். அழுத்தித் தேய்க்க வேண்டியிருந்தால் மருந்து இன்னும் ஊறவில்லை. இன்னொரு தடவை அடித்துக் கழுவுங்கள், பலத்தைக் காட்டாதீர்கள்.

வண்டிக்கு இரும்பு ரிம்மும் பிளாஸ்டிக் வீல் கப்பும் என்றால் கப்பைக் கழற்றித் தனியாகக் கழுவுங்கள். ரிம்மில் பெயிண்ட் உரிந்து துருத் தெரிகிற இடத்தில் இந்த மருந்து வேண்டாம், அங்கேயும் ஊதாவாக ஓடிக்கொண்டே இருக்கும். ஷாம்பு போதும். அப்படியே மட்கார்டுக்கு உள்ளே தண்ணீர் அடித்து அங்கே அடைந்திருக்கும் செம்மண்ணையும் இறக்கிவிடுங்கள்.

பெயிண்ட்: முதலில் தண்ணீர், பிறகுதான் கை

1956 நவம்பர் 1-ம் தேதி வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியோடுதான் இருந்தது. எல்லைக்கோடு மாறினாலும் நம் போக்குவரத்து மாறவில்லை. எம்-சாண்டும் ஜல்லியும் ஏற்றிய லாரிகளும் அதே ரோட்டில்தான் கேரளப் பக்கம் போகின்றன. அவற்றுக்குப் பின்னால் பத்து நிமிடம் வந்தால் பானட்டில் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் படியும். அது உடைத்த கல்லின் தூள், ஒவ்வொரு துகளுக்கும் முனை உண்டு. காலையில் ஆபீஸ் போகும் அவசரத்தில் காய்ந்த துணியால் அதை இழுத்துத் துடைப்பது உப்புத்தாள் போடுவதற்குச் சமம். நிறத்துக்கு மேலே இருக்கும் கிளியர் கோட்டின் கனம் பெரும்பாலான கார்களில் 40, 50 மைக்ரான் அளவுதான், தலைமுடியைவிட மெல்லியது. வெயிலில் நிறுத்தினால் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கீறல் தெரிகிறதே, அது இப்படித் துடைத்துத் துடைத்து வந்ததுதான்.

அதனால் கை வைப்பதற்கு முன் மேலிருந்து கீழே நிறையத் தண்ணீர் விடுங்கள். பிறகு ஒரு வாளியில் ஷாம்பு தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். கையுறையை ஷாம்பில் முக்கிக் கூரையில் ஆரம்பித்துக் கீழே வாருங்கள். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் கையுறையை வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் மறுபடி ஷாம்பு வாளிக்குப் போக வேண்டும். கடைசியில் வெறும் தண்ணீர் வாளியின் அடியைப் பாருங்கள், மணல் படிந்திருக்கும். ஒரே வாளி என்றால் அந்த மணலை எடுத்து எடுத்துக் கதவில் பூசியிருப்பீர்கள்.

பாத்திரம் கழுவும் லிக்விட் வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பதற்குச் செய்தது, வாக்ஸையும் சேர்த்து எடுத்துவிடும்.

அடங்காத கறைகள்

பறவை எச்சத்தைச் சுரண்டாதீர்கள். ஈரத்துணியை மேலே போட்டுப் பத்து நிமிடம் விட்டால் தானாக இளகும். தார்ப் புள்ளிக்கு மண்ணெண்ணெய் இரண்டு சொட்டு துணியில் தொட்டு ஒற்றி எடுத்து, உடனே ஷாம்பு போட்டுக் கழுவுங்கள். ரப்பர் பீடிங்கில் படக்கூடாது. பலாமரத்தடியில் நிறுத்தி மேலே பால் சொட்டிவிட்டதா? பலாச்சுளை எடுக்கும்போது கத்திக்கும் கைக்கும் என்ன தடவுவோம்? அதே தேங்காய் எண்ணெய்தான். தடவி ஊறவிட்டால் பிசின் வழுக்கிக்கொண்டு வரும்.

மாலை போட்டுச் சபரிமலை போய் வந்த வண்டிகளுக்கு இன்னொன்று: பானட்டில் கட்டிய பூமாலையை வீட்டுக்கு வந்த அன்றே அவிழ்த்துவிடுங்கள். மழையில் நனைந்து, வெயிலில் வெந்து ஒட்டிய பூவின் கறை லேசில் போகாது.

துடைப்பதும் வாக்ஸும்

போர் தண்ணீரில் கழுவிவிட்டுத் தானாகக் காயட்டும் என்று விட்டால் வெள்ளைப் பொட்டுகள் நிற்கும், பக்கெட்டின் உள்ளே படிகிற அதே உப்பு. மைக்ரோஃபைபர் துணியை விரித்துப் போட்டு மெதுவாக ஒற்றுங்கள்.

காய்ந்ததும் கையில் ஒரு பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கொண்டு பானட்டைத் தடவுங்கள். நெருநெருவென்று இருந்தால் பெயிண்டிலும் இரும்புத் தூள் ஏறியிருக்கிறது. அங்கேயும் அதே அயர்ன் ரிமூவர், அதுவும் போதாவிட்டால் கிளே பார், ஒட்டிய துகளை இழுத்தெடுக்கும் களிமண் மாதிரிக் கட்டி. அது வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை போதும்.

வாக்ஸைத் தோசைக்கல்லில் எண்ணெய் தடவுகிற மாதிரி மெல்லிசாகத் தடவி, மங்கலானதும் வேறு துணியால் துடைத்துவிடுங்கள். கனமாக அப்பினால் துடைக்கத்தான் கை வலிக்கும், பாதுகாப்பு அதிகமாகாது. வீலுக்கும் உள்பக்கம் வரை போடுங்கள். அடுத்த முறை பாதிக் கறுப்பு தண்ணீரிலேயே போய்விடும். ஆனால் டிஸ்கிலும் பேடிலும் வாக்ஸ் படவே கூடாது. டயர் பாலிஷும் பக்கவாட்டில் மட்டும், ரோட்டில் படும் பகுதியில் தடவினால் வழுக்கும்.

எல்லாம் முடிந்ததும் வண்டியைத் தெருமுனை வரை மெதுவாக ஓட்டி நாலைந்து முறை பிரேக் பிடியுங்கள், டிஸ்கில் இருக்கும் ஈரம் காயட்டும். சாரல் மாதங்களில் காலையில் பார்த்தால் டிஸ்க் மஞ்சள்பொடி தூவியது மாதிரி இருக்கும். அது மேல்துரு, ஓட்டிப் பிரேக் பிடித்தால் போய்விடும், மெக்கானிக்கிடம் ஓட வேண்டாம். அடுத்த முறை மலை இறங்கும்போது பிரேக்கிலேயே காலை வைத்திருக்காமல் இரண்டாவது கியரில் விட்டு இறங்கிப் பாருங்கள். வீட்டுக்கு வந்து விரலால் தடவும்போது வித்தியாசம் தெரியும்.