சைலியம் உமி: வாயில் போடும் முன் டம்ளரில் போட்டுப் பாருங்கள்

மலச்சிக்கலுக்கு யாரோ சொன்னார்கள் என்று ஒரு டப்பா வாங்கிவிட்டீர்கள். மேலே சைலியம் என்று இருக்கும், இல்லை இசப்கோல் என்று இருக்கும். இரண்டும் ஒன்றுதான்: பிளான்டாகோ ஓவாட்டா என்ற செடியின் விதை மேலுள்ள உமி. ‘வெறும் நார்ச்சத்துதானே, என்ன ஆகிவிடும்?’ என்றுதான் நானும் முதல் நாள் இரண்டு ஸ்பூன் குவித்துப் போட்டுக் குடித்தேன். அன்று ராத்திரி முழுக்க வயிறு மத்தளம் மாதிரி உப்பிக் கிடந்தது. அது சின்ன விஷயம். இதில் பெரிய விஷயங்களும் உண்டு.

படி 1: டம்ளர் சோதனை

ஒரு கண்ணாடி டம்ளரில் ஒரு டீஸ்பூன் உமி போட்டு, கால் டம்ளர் தண்ணீர் ஊற்றிக் கலக்குங்கள். பத்து நிமிடம் தொடாதீர்கள். முதலில் உமி தவிடு மாதிரி மிதக்கும். பிறகு ஒவ்வொரு துணுக்கும் ஊறி ஓரம் மங்கும், பக்கத்துத் துணுக்கோடு ஒட்டும். கடைசியில் கொழகொழவென்று ஒரே கட்டி. ஸ்பூனால் கிளறினால் மொத்தமாகச் சுழலும்.

குடலில் நடக்க வேண்டியது இதுதான். இந்தக் கொழகொழப்புதான் மலத்தை இளக்கி, பருமனாக்கி, வெளியே தள்ளுகிறது. ஆனால் இதே கட்டி உணவுக்குழாயில் உருவானால்? சைலியத்தின் முக்கியமான ஆபத்தே அதுதான். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., குருணையாக வரும் சைலியம் மலமிளக்கிகளைப் பாதுகாப்பானவையாக ஏற்க முடியாது என்று 2007-ல் விதி கொண்டுவந்தது. உணவுக்குழாயில் அடைப்பு ஏற்பட்டதுதான் காரணம். சாதாரணப் பொடியின் டப்பாவிலும் மூச்சுத்திணறல் எச்சரிக்கை இருக்கும், தேடிப் படியுங்கள்.

படி 2: உங்களுக்கு இது ஆகுமா?

விழுங்குவதில் சிரமம் இருப்பவர்கள், உணவுக்குழாயோ குடலோ சுருங்கியிருப்பவர்கள், முன்பு குடல் அடைப்பு வந்தவர்கள் டப்பாவைத் திறக்கவே வேண்டாம். மலம் கல்லாக இறுகி அடைத்திருந்தால் அதன் மேல் இதைக் குடிப்பது இன்னொரு மூட்டையை ஏற்றுவது போல. மலத்தில் ரத்தம் வந்தாலோ, காரணமே இல்லாமல் மலம் கழிக்கும் வழக்கம் மாறி இரண்டு வாரத்துக்கு மேல் அப்படியே நீடித்தாலோ, முதலில் டாக்டர். வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோபரமைடு, மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வலி மருந்துகள் இரண்டும் குடலின் அசைவை மந்தமாக்குபவை. அவற்றோடு சைலியம் சேரக் கூடாது.

படி 3: அளவு

ஒரு டீஸ்பூன், ஒரு நாளைக்கு ஒரு தடவை. ஒரு வாரம் அப்படியே போகட்டும், பிறகு டப்பாவில் உள்ள அளவுக்குள் மெதுவாகக் கூட்டலாம். ஒரு சங்கதி கவனியுங்கள்: உமி லேசானது, அரைத்த பொடி அடர்த்தியானது. உமிக்குப் பழகிய கை பொடியையும் அதே ஸ்பூனில் அள்ளினால் அளவு எகிறிவிடும்.

படி 4: குடிக்கும் விதம்

ஒரு முழு டம்ளர், அதாவது குறைந்தது 240 மில்லி தண்ணீர். கலக்கிய கையோடு குடியுங்கள். ‘போன் பேசிவிட்டு வருகிறேன்’ என்று வைத்துவிட்டுப் போனால், திரும்பி வரும்போது படி 1-ல் பார்த்த கட்டிதான் காத்திருக்கும். கெட்டியாகிவிட்டால் கொட்டிவிடுங்கள். குடித்த பின் மேலே இன்னொரு டம்ளர் தண்ணீர் குடிப்பது நல்லது. நிமிர்ந்து உட்கார்ந்து குடியுங்கள். குடித்ததும் படுக்கப் போகாதீர்கள். மாத்திரை வடிவில் வரும் சைலியத்துக்கும் இதே தண்ணீர்க் கணக்குதான். இரண்டு மடக்கு போதும் என்று நினைத்துவிடாதீர்கள். உலர்ந்த உமியை வாயில் போட்டுக்கொண்டு மேலே தண்ணீர் ஊற்றும் வழக்கத்தை அடியோடு விடுங்கள்.

படி 5: மற்ற மருந்துகளோடு இடைவெளி

அந்தக் கட்டிக்குள் மாத்திரையும் சிக்கிக்கொள்ளும், உடம்பில் சேர வேண்டிய அளவு சேராது. தைராய்டு மாத்திரை, இரும்புச்சத்து, மனநலத்துக்கான லித்தியம், வலிப்புக்கான கார்பமசெபைன், இதயத்துக்கான டிகாக்சின் எடுப்பவர்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டே ஆரம்பிக்க வேண்டும். மற்ற மருந்துகளுக்கும் முன்னும் பின்னும் இரண்டு மணி நேரமாவது விடுங்கள். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்களுக்கு இன்னொன்று: சைலியம் உணவிலிருந்து சர்க்கரை ரத்தத்தில் ஏறுவதைத் தாமதப்படுத்தும், அதனால் மருந்தின் அளவை மாற்ற வேண்டி வரலாம். வாசனை சேர்த்த பொடிகள் சிலவற்றில் சர்க்கரையே கலந்திருக்கும்!

படி 6: முதல் சில நாட்கள்

பலன் தெரிய 12 முதல் 72 மணி நேரம் ஆகும். காலையில் குடித்துவிட்டு மதியம் ஒன்றும் நடக்கவில்லையே என்று இன்னொரு டம்ளர் கலக்காதீர்கள். உப்புசம், வாயு, லேசான வயிற்றுப் பிடிப்பு சகஜம். தாங்க முடியவில்லையென்றால் அளவைப் பாதியாக்குங்கள்.

டப்பாவைத் திறந்ததும் எழும் தூசியை யாரும் பொருட்படுத்துவதில்லை. நோயாளிகளுக்கு நாள்தோறும் இந்தப் பொடியைக் கலக்கிக் கொடுத்த நர்ஸ்களுக்கு, தூசியைச் சுவாசித்தே ஒவ்வாமையும் ஆஸ்துமாவும் வந்திருக்கின்றன. முகத்திலிருந்து தள்ளிப் பிடித்து மெதுவாக அள்ளுங்கள். தோலில் தடிப்பு, அரிப்பு, முகவீக்கம், இளைப்பு வந்தால் அன்றோடு சைலியத்துக்கு முழுக்கு. முகமோ தொண்டையோ வீங்கினாலும் மூச்சுத் திணறினாலும் நேரே அவசர சிகிச்சைக்கு.

குடித்த பின் நெஞ்சு வலித்தாலோ, வாந்தி வந்தாலோ, எச்சில் விழுங்கவே முடியாமல் தொண்டை அடைத்தாலோ அப்போதும் அதே அவசர சிகிச்சைதான். இன்னும் கொஞ்சம் தண்ணீர் குடித்து உள்ளே தள்ளிவிடலாம் என்று முயலாதீர்கள். இறங்க வழியில்லாத தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம்.