தாத்தா இறந்துவிட்டார் என்பதைக் குழந்தையிடம் எப்படிச் சொல்வது?

வீட்டில் ஒரு சாவு நேர்ந்தால், நான்கைந்து வயதுக் குழந்தையிடம் ‘தாத்தா ஊருக்குப் போயிருக்காங்க’, ‘தூங்குறாங்க’ என்று சொல்லிச் சமாளிப்பது நம்மிடையே வழக்கமாக இருக்கிறது. அன்பினால் சொல்லப்படும் இந்தச் சொற்கள்தாம் பிறகு குழந்தையை அலைக்கழிக்கின்றன. ஊருக்குப் போனவர் திரும்பி வருவார் என்று அது வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும். தூங்கியவர் எழவே இல்லையென்றால், தான் தூங்குவதற்கும் அம்மா கண்ணயர்வதற்கும்கூட அஞ்சத் தொடங்கும்.

ஆகவே தாயோ தந்தையோ, சந்தடியில்லாத ஓரிடத்தில் குழந்தையை மடியில் இருத்திக்கொண்டு, ‘இறந்துட்டாங்க’ என்ற சொல்லாலேயே சொல்லிவிட வேண்டும். “தாத்தா இறந்துட்டாங்க கண்ணு. அவங்களுக்கு மூச்சு நின்னுபோச்சு. இனிமே பசிக்காது, வலிக்காது, எழுந்து வரவும் மாட்டாங்க.” இவ்வளவு போதும். சாமியிடம் போய்விட்டார் என்பது உங்கள் நம்பிக்கையானால், இதைச் சொன்ன பிறகு அதைச் சொல்லலாம். இதற்குப் பதிலாகச் சொல்லக் கூடாது. சாவு மீளாதது என்பது இந்த வயதில் எளிதில் பிடிபடாது என்பதால், மறுநாளும் ‘தாத்தா எப்ப வருவாங்க?’ என்று கேட்கும். எத்தனை முறை கேட்டாலும் அதே விடையை அதே பொறுமையோடு சொல்லுங்கள்.

குழந்தை வாய்விட்டுக் கேட்காத ஒன்றும் உண்டு. தாத்தாவோடு சண்டை போட்டதால்தான் அவர் இறந்துவிட்டாரோ என்று அது உள்ளுக்குள் மருகக்கூடும். ‘நீ செஞ்ச எதனாலயும் இது நடக்கல’ என்று நாமே முந்திக்கொண்டு சொல்லிவிடுவது நல்லது.

துக்கம் என்ற சொல்லைவிட, அது உடம்பில் எங்கே இருக்கிறது என்பது குழந்தைக்கு விரைவில் விளங்கும். “தொண்டை அடைக்குதா? நெஞ்சு கனமா இருக்கா? எனக்கும் அப்படித்தான் இருக்கு, இதுக்குப் பேருதான் துக்கம்” என்று சொல்லி, நீங்கள் அழுவதை அது பார்த்தாலும் மறைக்காதீர்கள். ‘ஆம்பளப் பிள்ளை அழக் கூடாது’ என்பதை இந்த வீட்டிலேனும் யாரும் சொல்லாதிருக்கட்டும். பத்து நிமிடம் அழுத குழந்தை உடனே பொம்மைக் காரை எடுத்து ஓட்டினால், அதற்குப் பாசமில்லை என்று பொருளன்று. அந்த வயதுக்குத் துக்கம் அப்படி விட்டுவிட்டுத்தான் வரும்.

உடலைப் பார்க்க அழைத்துச் செல்வதானால், ஒப்பாரியும் பறையொலியும் வெடியும் இருக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லி, பார்க்க விருப்பமா என்று அதனிடமே கேளுங்கள். வேண்டாமென்றால் வற்புறுத்தாதீர்கள். பார்க்க வரும் குழந்தையோடு, அது பயந்தால் உடனே வெளியே தூக்கிச் செல்வதற்கென்றே ஒருவர் இருக்க வேண்டும். 16ஆம் நாள் படத்துக்குப் பூ வைப்பதையும், தாத்தாவுக்குப் பிடித்த பலகாரத்தைப் படையலுக்குத் தேர்ந்தெடுப்பதையும் அதனிடம் விடலாம்.

அடுத்த சில வாரங்களுக்குப் படுக்கையை நனைப்பது, விரல் சூப்புவது, காலைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்குப் போக மறுப்பது எல்லாம் திரும்பி வரலாம். அதட்டாமல், சாப்பிடும் நேரத்தையும் தூங்கும் நேரத்தையும் முன்போலவே வைத்திருங்கள்; வகுப்பு ஆசிரியரிடமும் செய்தியைச் சொல்லிவையுங்கள். வாரக்கணக்கில் சரியாகச் சாப்பிடாமலோ விளையாட்டில் நாட்டமில்லாமலோ இருந்தாலும், தாத்தாவிடம் தானும் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாலும், மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இந்தியாவில் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவையின் 14416 என்ற எண்ணை எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.